மருந்து ஆய்வில் சேரச் சொன்னால்: கர்ப்பிணிக்குச் சட்டம் தரும் உரிமைகள்

பிரசவத்துக்கு அட்மிட் ஆகும்போது நீட்டுகிற தாள்களை எல்லாம் யாரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதில்லை. அந்தத் தாள்களுக்கிடையே மருந்து ஆய்வுக்கான ஒப்புதல் படிவம் இருந்தால், அதை மட்டுமாவது தனியே எடுத்துப் படியுங்கள். மற்றவை உங்கள் சிகிச்சைக்கானவை, இது ஆய்வுக்கானது. வேண்டாம் என்றாலும், சேர்ந்த பிறகு பாதியில் விலகினாலும், உங்களுக்குரிய சிகிச்சையில் குறை வைக்கக் கூடாது.

இதை முறைப்படுத்துவது 2019 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ‘புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள்’. கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் நினைத்த ஆய்வில் எல்லாம் சேர்க்க இந்த விதிகள் இடம் தருவதில்லை. மருந்து அவர்களுக்கோ, கருவுக்கோ, பால்குடிக் குழந்தைக்கோ உரியதாக இருக்க வேண்டும். மற்ற பெண்களிடம் செய்த ஆய்வு அதற்குப் பொருந்தாது என்ற நிலையும் இருக்க வேண்டும்.

அதற்காக ஆய்வு என்றாலே அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. கர்நாடகத்தின் பெலகாவிப் பகுதியில் 1,620 பெண்களிடம் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. குழந்தை பிறந்ததும் கிராமச் செவிலியர் இரத்தப்போக்கைத் தடுக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை கொடுத்ததில், பெரும் இரத்தப்போக்குக்கு ஆளானவர்கள் 12 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமாகக் குறைந்தார்கள். கர்ப்பிணிகள் யாருமே சேரவில்லையென்றால் இது தெரியவந்திருக்காது.

படிவத்துக்கு வருவோம். அது உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கருவுக்கு இப்போது கணிக்க முடியாத ஆபத்து நேரக்கூடும் என்றால் அதையும் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் தொழில், ஆண்டு வருமானம், வாரிசுதாரர் பெயர் ஆகியவற்றையும் கேட்பார்கள். ‘இதெல்லாம் எதற்கு?’ என்று தோன்றும். இழப்பீடு கொடுக்க நேர்ந்தால் வேண்டியிருக்கும் என்பதற்காகத்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி விளக்கம் முழுவதும் கூடவே இருந்து கையெழுத்திட வேண்டும். கடைசியில் வந்து பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர் சாட்சி ஆகமாட்டார். கையெழுத்திட்ட படிவத்தின் பிரதியும் தகவல் தாளும் உங்களிடம் வர வேண்டும்.

கையெழுத்து பெண்ணுடையது. கணவரோ மாமியாரோ அவளுக்காகப் போட முடியாது; அவள் நினைவிழந்த நிலை போன்ற சூழலில்தான் சட்டப்படியான பிரதிநிதிக்கு அந்த இடம். வலி எடுத்துத் துடிக்கும் நேரத்தில் வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாதாந்திரப் பரிசோதனைக்கு வரும்போதே விளக்கிச் சொல்ல நேரம் இருக்கிறதே.

இந்தக் கண்டிப்புக்கு முன்கதை உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் ஒன்று அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பள்ளி வயதுச் சிறுமிகளிடம் நடந்து, 2010இல் நிறுத்தப்பட்டது. சில சிறுமிகளின் மரணத்துக்கு ஊசி காரணமல்ல என்றே விசாரணை சொன்னது. ஆனால் பல படிவங்களில் பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தை விடுதிக் காப்பாளர்களே போட்டிருந்தார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு 2013 அறிக்கையில் இதைக் கடுமையாகச் சாடியது.

பலருக்கும் தெரியாத பகுதி இழப்பீடு. ஆய்வால் தாய்க்கு நேரும் பாதிப்புக்கு மட்டுமல்ல, தாயோ தந்தையோ ஆய்வில் சேர்ந்ததால் கருவிலிருந்த குழந்தைக்கு நேரும் பாதிப்புக்கும் இழப்பீடு உண்டு. பிறவிக் குறைபாட்டுக்கும், அதனால் குழந்தை இறந்தே பிறப்பதற்கும், இழப்பீட்டைக் கணக்கிட விதிகள் வைத்திருக்கும் அடிப்படைத் தொகையான 8 லட்சம் ரூபாயில் பாதி, அதாவது 4 லட்சம் ரூபாய். குறைபாட்டோடு வாழும் குழந்தைக்குத் தேவைப்படும் காலம்வரை சிகிச்சைச் செலவு தனி; அதையும் ஆய்வை நடத்தும் நிறுவனமே ஏற்க வேண்டும். இழப்பீடு கொடுக்கச் சொல்லும் அரசு உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். ஆய்வின்போது கடுமையான பாதிப்பு நேர்ந்தால், ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் ஆய்வில் சேர்ந்தவர்களின் நலனைக் கண்காணிக்கும் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும்.

யாரிடம் கேட்பது? பாதிப்பு நேர்ந்தாலோ, உங்கள் உரிமை பற்றிச் சந்தேகம் வந்தாலோ யாரைத் தொடர்புகொள்வது என்பது தகவல் தாளில் இருக்க வேண்டும். முதல் நபரைச் சேர்க்கும் முன்பே ஆய்வை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்திருக்கவும் வேண்டும். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிப் பிரதியின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.