"இப்பதான் டெஸ்ட் பாஸாச்சு" என்று என்னிடம் சொல்லாதீர்கள்

"இப்பதான் எம்.ஓ.டி. பாஸாச்சு அண்ணே, ஒரு குறைகூட எழுதலை." இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. எம்.ஓ.டி. என்பது பிரிட்டனில் வண்டி ரோட்டில் ஓடத் தகுதியாக இருக்கிறதா என்று வருடாவருடம் பார்க்கும் டெஸ்ட். பிரிட்டனில் பழைய லேண்ட் ரோவர் டிஃபென்டர் வாங்கும் ஆசை நம் ஆட்களையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. வாங்குங்கள், நல்ல வண்டிதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் பணத்தைக் கொடுத்து முடித்த பிறகு கொண்டுவந்து "எப்படி இருக்குன்னு பாருங்க" என்கிறார்கள் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை.

கடைசியாக வந்தது ஒரு 110, டிஃபென்டரில் நீளமான வகை. அடிப்பாகம் முழுக்கப் பளபளவென்று கறுப்புப் பெயின்ட், கையில் புதுச் சர்டிஃபிகேட். லிஃப்டில் ஏற்றி, சேஸிஸின், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தின், பின்பக்கக் குறுக்குச் சட்டத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நடுவில் கணீர் என்றது. ஓரத்துக்குப் போகப் போகச் சத்தம் அமுங்கியது, கடைசியில் 'பொத்'. பெயின்ட் அப்படியே உள்ளே போய்விட்டது. உதிர்ந்து விழுந்ததில் பாதி துரு, மீதி ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி. டிரெய்லர் கொக்கி மாட்டியிருப்பதே அந்தச் சட்டத்தில்தான், வண்டிக்காரர் அதில் டிரெய்லரையும் இழுத்துக்கொண்டுதான் வந்திருந்தார்.

"லேண்ட் ரோவர் அலுமினியம், துருப்பிடிக்காது" என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்த நேரத்தில், 1948-ல் வந்தது முதல் லேண்ட் ரோவர். அதனால் அதன் வழியில் வந்த இந்த வண்டிகளிலும் மேல் தகடுகள் பெரும்பாலும் அலுமினியக் கலவை. சேஸிஸும், கதவுக் கீல் மாட்டியிருக்கும் முன்பக்கத் தடுப்புச் சுவரும் எஃகுதான். சேஸிஸ் உள்ளே வெற்றிடமாக இருக்கும் பெட்டி வடிவம். சேறும் உப்புத் தண்ணீரும் துளை வழியாக உள்ளே போய்த் தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியில் கொப்புளம் தெரியும்போது உள்ளே கதை முடிந்திருக்கும். ஒருவர் காந்தத்தை எடுத்துப் போய்க் கதவு, மட்கார்டு எல்லாம் வைத்துப் பார்த்து, எங்குமே ஒட்டவில்லை, முழுக்கப் பட்டி என்று பயந்துபோய் வந்துவிட்டார்! அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது ஐயா. சேஸிஸில் வைத்துப் பாருங்கள், அங்கே ஒட்டவில்லை என்றால் பயப்படுங்கள்.

சரி, டெஸ்ட் செய்தவர் கண்ணை மூடிக்கொண்டா பாஸ் போட்டார்? அவரைக் குறை சொல்ல மாட்டேன். எதையும் கழற்றிப் பார்க்க அவருக்கு அனுமதி கிடையாது. துரு இருக்கும் இடத்தைத் தட்டியும் அழுத்தியும் பார்க்கலாம், உளி வைத்துக் குத்த முடியாது. தடியாகப் பெயின்ட் பூசி வைத்திருந்தால் அவர் கண்ணுக்கும் பெயின்ட்தான் தெரியும். இஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் நிலைமை எல்லாம் அந்த டெஸ்டில் வரவே வராது. அன்றைக்கு, அந்த நேரத்தில், வெளியிலிருந்து பார்த்த வரைக்கும் சட்டம் கேட்கிற குறைந்தபட்சம் இருந்தது என்பதற்குத்தான் அந்தக் காகிதம். அடுத்த டெஸ்ட் வரை ஒரு வருடத்துக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

இதைவிடப் பெரிய தலைவலி சதவீதக் கணக்கு. "இந்த மாடல் இத்தனை சதவீதம் முதல் தடவையே பாஸாகுதாம், அந்தப் புது வண்டியைவிட அதிகமாம்" என்று பட்டியலைக் காட்டுகிறார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். டெஸ்டுக்கு வருவது உயிரோடு இருக்கும் வண்டிகள் மட்டும். துருவில் மக்கிப்போய்ப் பழைய இரும்புக்குப் போனதும், தோட்டத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பதும் எந்தச் சதவீதத்திலும் இல்லை. மிச்சம் வருகிறவற்றில் பாதி செல்லப் பிள்ளைகள், வருடத்துக்குக் கொஞ்ச தூரம்தான் ஓடும், டெஸ்டுக்கு முன்னாலேயே ஒர்க்‌ஷாப்பில் விட்டு எல்லாம் சரிபார்த்து அனுப்புவார்கள், அப்படிச் சரிசெய்தது ஒரு கணக்கிலும் ஏறாது. பத்திரத்தில் 1986 என்று இருக்கும் வண்டிக்கு அடியில் போன வருடம் மாற்றிய, துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசிய (கால்வனைஸ்) புதுச் சேஸிஸ் இருக்கலாம், கணக்கில் அதுவும் 1986 வண்டிதான். அப்புறம், நம்பர் பிளேட் விளக்கு மொத்தமாக எரியாததும் ஃபெயில், சேஸிஸ் ஓட்டையும் ஃபெயில். சதவீதம் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கும். ஆகவே அந்தப் பட்டியல் அந்த மாடல் வண்டிகளை வைத்திருப்பவர்கள் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கொஞ்சம் சொல்லும், நீங்கள் வாங்கப் போகும் அந்த ஒரு வண்டியைப் பற்றி ஒன்றுமே சொல்லாது.

40 வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு, கடந்த 30 வருடத்தில் பெரிய மாற்றம் எதுவும் செய்யவில்லை என்றால், 2018 மே மாதத்திலிருந்து எம்.ஓ.டி. கட்டாயமே இல்லை. 1983-ல் வந்த முதல் 110-களும் இப்போது அந்த வயதுக்கு வந்துவிட்டன. "டெஸ்டே வேண்டாம், நிம்மதி" என்கிறார்கள். எனக்குத்தான் தூக்கம் போகிறது. டெஸ்டுக்குத்தான் விலக்கு, வண்டி ரோட்டில் ஓடும் நிலையில் இருக்க வேண்டும் என்பதற்கு விலக்கில்லை. ஆபத்தான நிலையில் ஓட்டிப் பிடிபட்டால் 2,500 பவுண்டு வரை அபராதம், மூன்று பெனால்டி பாயின்ட், லைசென்ஸையே முடக்கவும் முடியும். கட்டாயம் இல்லாவிட்டாலும் காசு கட்டி டெஸ்ட் செய்துகொள்ளலாம். தயவுசெய்து செய்யுங்கள்.

வாங்கப் போகிறவர்கள் முதலில் அரசு இணையதளத்தில் நம்பரைப் போட்டுப் பழைய டெஸ்ட் முடிவுகளைப் படியுங்கள். 2005-லிருந்து நடந்த டெஸ்டுகளின் முடிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பாஸா ஃபெயிலா என்பதைவிட, கீழே எழுதியிருக்கும் எச்சரிக்கைக் குறிப்புகளைப் பாருங்கள். மூன்று வருடமாக "சேஸிஸில் துரு" என்று வந்த குறிப்பு நான்காம் வருடம் காணாமல் போயிருந்தால், வெல்டிங் செய்த பில் எங்கே, போட்டோ எங்கே என்று கேளுங்கள். துரு தானாக ஆறாது. பில் இல்லை, பெயின்ட் மட்டும் புதிது என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். ஒட்டு போட்டிருந்தால் சுற்றிலும் விடாமல் வெல்டிங் ஓடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், அங்கொன்று இங்கொன்று பொட்டு வைத்திருந்தால் அது ரிப்பேர் இல்லை, மறைப்பு. தரைவிரிப்பைத் தூக்கிக் கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள். பின்பக்க ஷாக், ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்களையும்தான். ஓட்டும்போது குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் பயங்கரமாக உதறினால், "டேம்பர் (ஸ்டியரிங் அதிர்வை அடக்கும் ஷாக்) மாத்தினா போயிடும்" என்று விற்பவர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டாதீர்கள். முன்பக்க ரப்பர் புஷ், ஸ்டியரிங் கம்பிகளின் பால் ஜாயின்ட், முன் சக்கரம் திரும்பும் மூட்டான ஸ்விவல் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். டேம்பர் அந்த உதறலை மறைக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று, இதை வண்டி வைத்திருக்கிறவர்களிலேயே பலர் அறியவில்லை. இந்த வண்டியின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. இரண்டு அச்சுக்கும் சக்தியைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஒரு டிரம்மை, அதாவது பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்டைப் பிடிக்கிறது. அங்கே ஆயில் சீல் கசிந்தால் லைனிங் நனைந்து பிடிப்பே இருக்காது. பிடிப்பு நன்றாக இருந்தாலும், ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினீர்கள் என்றால் இரண்டு பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் அந்தரத்தில் ஒரு பக்கம் சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் உருளும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவி இறங்கும். எந்த டெஸ்டும் இதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் இது கோளாறே இல்லை, அமைப்பே அப்படித்தான். சமதரையில் நிறுத்துங்கள். 90, 110 வகையில், முன் அச்சையும் பின் அச்சையும் சேர்த்துப் பூட்டும் சென்டர் டிஃப் லாக்கைப் போட்டு, அதன் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகுதான் ஜாக்கியைத் தொட வேண்டும். கட்டை கையில் இல்லையா, டயரை மாற்றாதீர்கள். பிரேக்டவுன் ஆட்களுக்கு போன் போட்டுவிட்டு ஓரமாக நில்லுங்கள்.