வட சென்னையில் புதிதாக ஒரு கிறிஸ்தவச் சபை தொடங்குவோர் அறிய வேண்டிய சட்ட விதிகள்

கொருக்குப்பேட்டையிலோ எண்ணூரிலோ ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் நடந்து போகிறவருக்கு, ஒரு வீட்டு மாடிப்படியின் அடியில் குவிந்து கிடக்கும் செருப்புகளே மேலே ஆராதனை நடக்கிறது என்பதைச் சொல்லிவிடும். மேலே பத்துக்கு இருபது அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கீபோர்டு, மூலையில் ஒலிபெருக்கி. மின் அட்டை வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கிறது. காணிக்கை போதகரின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது. வாடகை ஒப்பந்தம் இருந்தால் அதில் "குடியிருப்புக்காக" என்று எழுதியிருக்கிறது. "இருபது குடும்பந்தான் ஐயா, எங்களுக்கு எதுக்குப் பதிவெல்லாம்?" என்பதே இத்தகைய சபையினரிடமிருந்து முதலில் வரும் கேள்வி. இந்த விளக்கம் அவர்களுக்காக எழுதப்பட்டது.

வழிபடுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 25-வது பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, விரும்பிய மதத்தைக் கடைப்பிடிக்கவும் அறிவிக்கவும் பரப்பவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. 26-வது பிரிவு, மத, அறப் பணிகளுக்காக நிறுவனங்களை ஏற்படுத்தி நடத்தவும், சொத்து வாங்கி வைத்திருக்கவும், அதைச் சட்டப்படி நிர்வகிக்கவும் ஒவ்வொரு மதப் பிரிவுக்கும் உரிமை தருகிறது. இந்துக் கோயில்களுக்கு அறநிலையத் துறையும் பள்ளிவாசல் சொத்துகளுக்கு வக்ஃபு வாரியமும் இருப்பதுபோல், தேவாலயங்களின் நிர்வாகத்தைக் கவனிக்கத் தமிழ்நாட்டில் தனித் துறை கிடையாது. அதனால் "சபை தொடங்க அனுமதி" என்று ஒரே விண்ணப்பமாகக் கொடுத்து வாங்கக்கூடியது எதுவும் இல்லை. சபை ஓர் அமைப்பாகும்போது ஓர் அலுவலகம், கட்டடம் எழுப்பும்போது இன்னொன்று, ஒலிபெருக்கி வைக்கும்போது வேறொன்று என்று வேலை பிரிந்து கிடக்கிறது. இந்த வரிசை தெரியாமல் முதலில் கட்டடத்தில் கை வைப்பதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன.

ஏற்கெனவே உள்ள திருச்சபையோடு சேர்ந்து இயங்க விரும்பும் குழுவுக்கு வழி வேறு. கத்தோலிக்கத் திருச்சபையில் புதிய பங்கை (ஓர் ஊர் அல்லது பகுதிக்கான சபையை) ஏற்படுத்தும் அதிகாரம் மறைமாவட்ட ஆயருக்கு மட்டுமே உண்டு. தென்னிந்தியத் திருச்சபையிலும் புதிய சபை பேராயத்தின் முடிவின்படிதான் உருவாகும். சொத்தும் அந்த அமைப்பின் ஏற்பாட்டுக்குள் போய்விடும். கீழே சொல்லப்படுபவை பெரும்பாலும் எதிலும் சேராமல் தனித்து நிற்கும் சபைகளுக்கு உரியவை.

யார் பெயரில்?

ஒரு சிறு சபைக்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ் சங்கமாகப் பதிவு செய்வது. இதற்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். சங்கத்தின் நோக்கத்தைச் சொல்லும் அமைப்புக் குறிப்பும் நிர்வாகத்தைச் சொல்லும் துணை விதிகளும் தயாரித்து, உரிய கட்டணத்துடன் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகக் குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது. அவர்களின் பதவிக் காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும்; கணக்கும் உறுப்பினர் பட்டியலும் பதிவாளரிடம் போக வேண்டும்; நிர்வாகிகள் மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். இரண்டாவது வழி, அறக்கட்டளைப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது. இதற்கு ஏழு பேர் தேவையில்லை, தேர்தல் கட்டாயமில்லை, அறங்காவலர்களை யார் நியமிப்பது, யார் நீக்குவது என்பதெல்லாம் பத்திரத்தில் எழுதியபடியே நடக்கும்.

போதகர்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியையே விரும்புகிறார்கள்; விரைவானது, தலையீடு குறைவு என்பது காரணம். என் கருத்தில், உறுப்பினர்களின் காணிக்கையில் இடம் வாங்க நினைக்கும் சபைக்குச் சங்கமே பொருத்தமானது. ஒரு போதகரும் அவர் மனைவியும் மட்டுமே அறங்காவலர்களாக இருக்கும் அறக்கட்டளையில், போதகர் காலமான மறுநாள் சொத்து யாருடையது என்ற கேள்வி வந்துவிடுகிறது. பிள்ளைகள் ஒரு பக்கம், இருபது ஆண்டுகளாகத் தசமபாகம் கொடுத்த விசுவாசிகள் மறு பக்கம் என்று உரிமையியல் நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். இடம் போதகரின் சொந்தப் பெயரிலேயே வாங்கப்பட்டிருந்தால் வழக்காடக்கூட வலுவான பிடி இருக்காது. சட்டத்தின் கண்ணில் அது அவருடைய தனிச் சொத்து, அவருடைய வாரிசுகளுக்குப் போகும். இராயப்பர் என்ற பேதுருவின் பெயரைத் தாங்கிய இராயபுரத்தில், படகோட்டிச் சமூகத்தார் சேர்ந்து 1829-இல் எழுப்பிய புனித பேதுரு தேவாலயம் இன்றும் நிற்கிறது. பலர் கைகூடிக் கட்டும் வழக்கம் இப்பகுதிக்குப் பழையதுதான். பலர் பெயரில் பத்திரம் எழுதும் வழக்கம்தான் இன்னும் பரவலாகவில்லை.

எந்த வழியானாலும் பதிவு முடிந்தவுடன் அமைப்பின் பெயரில் நிரந்தரக் கணக்கு எண்ணும் (பான்) வங்கிக் கணக்கும் எடுக்க வேண்டும். காசோலையில் இருவர் கையொப்பமிட வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைப்பது நல்லது. மத அமைப்பு என்பதாலேயே வருமான வரி விலக்கு தானாக வந்துவிடாது. வருமான வரித் துறையில் தனியாகப் பதிவு பெற வேண்டும். வெளிநாட்டுப் பணம் என்றால், அது உறவினர் வழியாக வரும் சிறு தொகையே ஆனாலும், சபைக்காக வாங்கப்படுமானால் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடக் கூடாது. பொதுவாக அந்தப் பதிவுக்கு மூன்று ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் பணிக்காகச் செலவிட்டிருக்க வேண்டும். சிறு சபைக்கு இது எட்டாத உயரம். அதனால் உள்ளூர்க் காணிக்கையிலேயே நிற்பது பாதுகாப்பானது.

இடமும் கட்டடமும்

ஒரு குடும்பம் தன் வீட்டில் அக்கம்பக்கத்தாரை அழைத்து ஜெபிப்பது வேறு. ஒரு கட்டடத்தை வாரந்தோறும் பொதுமக்கள் கூடும் வழிபாட்டு இடமாக மாற்றுவது வேறு. இரண்டாவதைத் தொட்டவுடன் கட்டட விதிகள் வருகின்றன. பொது வழிபாட்டுக்கான கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் முன் ஒப்புதல் தேவை. புதிதாகக் கட்டினாலும், இருக்கும் வீட்டை ஜெபக்கூடமாக மாற்றினாலும் இது பொருந்தும் என்றே அதிகாரிகள் எடுத்துக்கொள்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்குகள் பலவும் இந்த இரண்டாவது வகையில் எழுந்தவையே. ஆட்சியர் வருவாய்த் துறையிடமும் காவல் துறையிடமும் அறிக்கை பெற்று, பொது அமைதிக்குக் குந்தகம் வருமா என்று பார்த்து முடிவெடுக்கிறார். அண்டை வீட்டார் எதிர்ப்பதாலேயே மறுத்துவிட வேண்டும் என்பது விதியல்ல. ஆனால் எதிர்ப்பு மனு வந்தால் கோப்பு நின்றுவிடும் என்பதே நடைமுறை. விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்பே பக்கத்து வீடுகளில் போய்ப் பேசிவிடுவது, எந்த இணைப்பு ஆவணத்தையும்விடக் கூடுதலாக உதவும். ஒப்புதல் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். உயர் நீதிமன்றத்துக்குப் போக அதுவே அடிப்படை.

எந்த ஆட்சியர் என்பதிலும் வட சென்னையில் குழப்பம் உண்டு. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் ஆகிய பகுதிகள் 2011-இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டாலும், வருவாய் நிர்வாகத்தில் திருவள்ளூர் மாவட்டத்திலேயே நீடித்தன. 2018-இல்தான் சென்னை மாவட்டத்துக்கு வந்தன. ஆகவே எண்ணூர்க்காரர் இன்று ராஜாஜி சாலையில் உள்ள சென்னை ஆட்சியர் அலுவலகத்துக்கு வர வேண்டும். கொசஸ்தலை ஆற்றுக்கு அப்பால் அத்திப்பட்டிலோ மீஞ்சூரிலோ இடம் பார்த்திருப்பவர் திருவள்ளூருக்குப் போக வேண்டும்.

ஆட்சியரின் ஒப்புதலுக்குப் பிறகே கட்டட அனுமதி. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, கட்டடத்தின் அளவையும் வகையையும் பொறுத்து மாநகராட்சியோ பெருநகர வளர்ச்சிக் குழுமமோ அனுமதி தரும். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது நிலத்தின் வரலாறு. இங்கே ஒரே தெருவில் துறைமுக நிலம், ரயில்வே நிலம், கோயில் நிலம், புறம்போக்கு எல்லாம் அடுத்தடுத்துக் கிடக்கும். வில்லங்கச் சான்று மட்டும் போதாது. நகர நில அளவைப் பதிவேட்டில் அந்த மனை எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். கடலோரக் குப்பங்களில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் குறுக்கே வரும். தெரு, பூங்கா போன்ற பொது இடங்களில் கோயில், தேவாலயம், மசூதி என எதையும் அனுமதியின்றிக் கட்டவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் உத்தரவிட்டுள்ளது. வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடி வீடுகள் குடியிருக்க மட்டும் ஒதுக்கப்படுபவை. அங்கே ஒரு வீட்டைச் சபையாக்கினால் ஒதுக்கீடே கேள்விக்குள்ளாகும்.

வாடகைக்கு எடுக்கும் சபை, ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, பயன்பாடு "வழிபாட்டுக் கூடம்" என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி அதை வாடகை அதிகார அமைப்பில் பதிவும் செய்ய வேண்டும். பொது வழிபாட்டு இடங்களுக்கு மின்வாரியத்தில் தனிக் கட்டணப் பிரிவு உண்டு. வீட்டு இணைப்பில் ஆராதனை நடத்துவது பின்னால் அபராதத்தில் முடியலாம். பொது வழிபாட்டுக்கென ஒதுக்கப்பட்டு உண்மையிலேயே அதற்கு மட்டும் பயன்படும் இடத்துக்குச் சொத்து வரியிலிருந்து விலக்கு உண்டு. கீழ்த்தளத்தில் கடை வாடகைக்கு விட்டிருந்தால் அந்தப் பகுதிக்குக் கிடைக்காது.

ஒலிபெருக்கி

இந்தப் பொருளில் நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு நம் மாதவரம் நெடுஞ்சாலையிலிருந்து போனது. அங்கே ஒரு குடியிருப்பை ஒட்டி இருந்த பெந்தெகொஸ்தே சபை ஒன்றின் டிரம்ஸ், கிடார் ஒலியைப் பற்றி நலச் சங்கம் புகார் செய்தது. சத்தம் பெரும்பாலும் சாலைப் போக்குவரத்தால்தான் வருகிறது என்று ஓர் ஆய்வறிக்கையும் இருந்தது. சத்தத்தை அனுமதிக்கப்பட்ட அளவுக்குக் குறைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட, சபை மேல்முறையீடு செய்தது. பிறர் அமைதியைக் குலைத்து ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று கூறி, உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று அந்த மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. சபை மூடப்படவில்லை, ஆராதனைக்கும் தடை விதிக்கப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தீர்ப்பு ஒலியின் அளவைப் பற்றியது மட்டுமே.

அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி, ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, மூடிய அரங்குகள் போன்ற சில விலக்குகள் தவிர, பயன்படுத்தக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. கதவைத் திறந்துவைத்து மைக் பிடிக்கும் அறை இந்த வரம்புக்குள் நிற்பது கடினம். முப்பது பேர் இருக்கும் அறைக்கு ஒலிபெருக்கி எதற்கு என்பதையும் சபையார் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளலாம்.

திருமணம், அடக்கம், சாதிச் சான்று

புதிய சபையின் போதகர் நடத்தும் திருமணம் தானாகவே சட்டப்படி செல்லுபடியாகிவிடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி, ஆயர் வழியாகக் குருப்பட்டம் பெற்றவர்கள் போன்ற சிலரைத் தவிர, மற்ற ஊழியர்கள் அரசின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் வரும் வரை, உரிமம் உள்ள ஒருவரை வரவழைத்து நடத்துவதே முறை. 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவும் கட்டாயம். அடக்கத்தைப் பொறுத்தவரை, காசிமேடு கல்லறை சென்னைக் கல்லறை வாரியத்தின் பொறுப்பில் இருக்கிறது. தங்கள் சபையின் கடிதத்தை ஏற்பார்களா, என்ன சான்று வேண்டும் என்பதைத் துக்கம் நேரும் முன்பே ஒரு நாள் போய்க் கேட்டுவைக்க வேண்டும்.

சேர வருகிறவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று உண்டு. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர். ஆதிதிராவிடர் ஒருவர் கிறிஸ்தவரானால், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்; பிள்ளையின் கல்லூரி இடமும் உதவித்தொகையும் அதற்கேற்ப மாறும். இதை மறைத்து ஞானஸ்நானம் கொடுப்பது நேர்மையல்ல. கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2002-இல் வந்து 2004-இல் திரும்பப் பெறப்பட்டது. சட்டப்படி நடக்கும் ஆராதனையை வேண்டுமென்றே கலைப்பது, பாரதிய நியாய சம்ஹிதையின் 300-வது பிரிவின்கீழ் குற்றம். அப்படி நேர்ந்தால் தகராறில் இறங்காமல் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்க வேண்டும்.

அரசிடமிருந்து கிடைக்கக்கூடியது

புதிய தேவாலயம் கட்ட அரசின் உதவித் திட்டம் ஒன்றை எதிர்பார்த்து வேலை தொடங்க வேண்டாம். பழுதுபார்க்கவும் புனரமைக்கவும் 2016-17 முதல் மானியம் இருக்கிறது. தேவாலயம் கட்டிப் பத்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், சொந்தக் கட்டடத்தில் இயங்க வேண்டும், பதிவு பெற்றிருக்க வேண்டும், வெளிநாட்டு நிதி வாங்கியிருக்கக் கூடாது என்பவை அதன் முக்கிய நிபந்தனைகள். கட்டடத்தின் வயதைப் பொறுத்துத் தொகை கூடும். உபதேசியார்களுக்கும் தேவாலயப் பணியாளர்களுக்கும் தனி நல வாரியமும் உண்டு. கோயில் பிள்ளை எனப்படும் தேவாலய உதவியாளர், துப்புரவு செய்பவர் போன்றோரின் பெயரையும் போதகர் அதில் சேர்க்க முயல வேண்டும். இரண்டுக்கும் விண்ணப்பம் வாங்கும் இடம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகம்.