நெல் தரிசு உளுந்தின் ஆற்றல் கணக்கு

காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி நெல் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாட்கள் இருக்கும்போதே, கதிர் முற்றி நிற்கும் வயலுக்குள் இறங்கி உளுந்து விதையைக் கையால் தெளித்துவிடுவார்கள். அப்போது மண் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும். நீர் தேங்கியிருந்தால் விதை அழுகிவிடும், காய்ந்துவிட்டால் முளைக்காது. இந்தப் பயிருக்கு உழவோ, பாசனமோ, அடியுரமோ கிடையாது. நெல் விட்டுச்சென்ற ஈரத்தையும் தை, மாசிப் பனியையும் கொண்டே ஏறத்தாழ 70 நாட்களில் அது விளைந்துவிடுகிறது. ஆடுதுறை 3 என்ற உளுந்து ரகம் இத்தகைய தரிசு நிலத்துக்கு ஏற்றதாக வெளியிடப்பட்டதுதான். வேளாண்மையில் ஆற்றல் எங்கே செலவாகிறது, புவியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்கள் எங்கிருந்து எழுகின்றன என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பண்ணையின் ஆற்றல் செலவு என்றதும் டிராக்டர் குடிக்கும் டீசலும் மோட்டார் இழுக்கும் மின்சாரமும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தானியப் பயிர்கள் பலவற்றில் பெரும்பங்கு யூரியா மூட்டைக்குள் ஒளிந்திருக்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனின் இரு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டவை. 1913இல் ஜெர்மனியில் தொழிற்சாலை அளவில் தொடங்கிய ஹேபர்-போஷ் முறையில், 400 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்திலும் காற்றழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்திலும் நைட்ரஜனை ஹைட்ரஜனோடு இணைத்து அம்மோனியா ஆக்குகிறார்கள். அந்த ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. இந்திய வேளாண் ஆற்றல் ஆய்வுகள் ஒரு கிலோ உர நைட்ரஜனுக்கு 60.6 மெகாஜூல் (ஆற்றலின் அலகு) என்றும், ஒரு லிட்டர் டீசலுக்கு 56.31 மெகாஜூல் என்றும் கணக்கு வைக்கின்றன. ஒரு ஹெக்டேருக்கு 100 கிலோ நைட்ரஜன் இடுவதென்றால் 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய ஐந்து மூட்டை வேண்டும். அந்த ஐந்து மூட்டைக்குள் சுமார் 108 லிட்டர் டீசலுக்கு நிகரான ஆற்றல் அடங்கியிருக்கிறது.

மூட்டையைப் பிரித்து வயலில் இட்ட பின்பும் கணக்கு முடிவதில்லை. யூரியா மண்ணில் சிதையும்போது, ஆலையில் அதற்குள் பிணைக்கப்பட்ட கார்பன் டை ஆக்சைடு மீண்டும் காற்றுக்கே திரும்புகிறது. மண்ணில் சேர்ந்த நைட்ரஜனில் ஒரு சிறு பகுதியை நுண்ணுயிர்கள் நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றுகின்றன. பொதுவான மதிப்பீட்டின்படி இட்ட நைட்ரஜனில் நூற்றில் ஒரு பங்கே அவ்வாறு வெளியேறுகிறது என்றாலும், அந்த வாயு நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல் 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. நாம் எடுத்துக்கொண்ட 100 கிலோ நைட்ரஜனிலிருந்து இவ்வகையில் மட்டும் சுமார் 430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான வெப்பமூட்டல் உண்டாகிறது.

உளுந்து இந்தச் செலவைத் தன் வேரிலேயே தவிர்த்துவிடுகிறது. பூக்கும் பருவத்தில் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்தெடுத்து, வேரில் ஒட்டியிருக்கும் சிறு முடிச்சு ஒன்றை நகத்தால் பிளந்து பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறம் லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தினுடையது. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவானது. முடிச்சுக்குள் வாழும் ரைசோபிய பாக்டீரியாக்கள்தான் காற்றின் நைட்ரஜனை அம்மோனியா ஆக்குகின்றன. அதைச் செய்யும் நைட்ரஜனேஸ் நொதி ஆக்சிஜன் பட்டால் செயலிழந்துவிடும், ஆனால் பாக்டீரியா சுவாசிக்கவோ ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜனைத் தேவைக்கு மட்டும் அளந்து கொடுப்பது இந்தப் புரதத்தின் வேலை. முடிச்சு உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அங்கே வேலை நின்றுவிட்டது என்று பொருள்.

இதுவும் செலவில்லாத வேலை என்று சொல்லிவிட முடியாது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிளக்கக் உயிரணுக்களில் ஆற்றலைச் சுமக்கும் ஏடிபி மூலக்கூறுகள் குறைந்தது 16 தேவை, அதற்கான சர்க்கரையை இலைகள் அனுப்பியாக வேண்டும். செலவழிவது சூரிய ஆற்றல் என்பதால் அது புகையாக எழுவதில்லை. ஆனால் மணியாக வேண்டிய சர்க்கரையில் ஒரு பகுதி வேருக்குப் போய்விடுகிறது. அதனால்தான் மண்ணில் நைட்ரஜன் தாராளமாகக் கிடைக்கும்போது செடி முடிச்சு உண்டாக்குவதைக் குறைத்துக்கொள்கிறது. உளுந்துக்குக் கைநிறைய யூரியா இடுவது, செடி தானே செய்யும் வேலையை நிறுத்திவிட்டு அதையே ஆலையில் விலைக்கு வாங்குவதாகும்.

பயறு வகைகள் மண்ணை வளப்படுத்தும் என்ற பேச்சைச் சற்று அளந்தே ஏற்க வேண்டும். பிடித்த நைட்ரஜனில் பெரும்பகுதி மணியோடு வயலை விட்டுப் போய்விடுகிறது. செடியை வேரோடு பிடுங்கிவிட்டால் மீதியும் போகும். அறுத்தெடுத்தால் வேரும் முடிச்சும் மண்ணில் தங்கும். தங்கியது மட்கும்போது அதிலிருந்தும் சிறிது நைட்ரஸ் ஆக்சைடு எழும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதுபோல, நீர் வடிந்த வயலில் வளரும் உளுந்து, மற்றொரு பசுங்குடில் வாயுவான மீத்தேனை வெளியிடுவதில்லை என்பதற்காக, அதற்கு முன் நீர் நிறுத்திய நெல் வெளியிட்ட மீத்தேன் இல்லை என்றாகிவிடாது.

உண்மையான இடர்ப்பாடு விளைச்சலில் இருக்கிறது. ஏக்கர் கணக்கில் உமிழ்வு மிகக் குறைவாக இருந்தாலும், விளைச்சல் சரிந்தால் கிலோ கணக்கில் அந்த நன்மை கரைந்துவிடும். டயர் வைத்த அறுவடை இயந்திரம் ஈர வயலில் இறங்கினால் முளைத்த உளுந்து சேற்றில் அமுங்கிப்போகிறது. டயருக்குப் பதில் பட்டை ஓடும் பெல்ட் வண்டியில் இந்தச் சேதம் குறைவு. ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபிய உயிர் உரத்தைக் கலந்து விதைநேர்த்தி செய்வதற்கு ஆற்றல் செலவு இல்லையென்றே சொல்லலாம். ஒரு தெளிப்புக்கு ஏக்கருக்கு 4 கிலோ வீதம், நைட்ரஜனும் பாஸ்பரஸும் கொண்ட டிஏபி உரத்தை முந்தின நாள் ஊறவைத்து, தெளிந்த கரைசலை வடித்து, 200 லிட்டர் நீராக்கிப் பூக்கும் பருவத்தில் ஒரு முறையும் பதினைந்து நாள் கழித்து மறுமுறையும் தெளிப்பதில், இரு முறைக்கும் சேர்த்து உரத்துக்கான ஆற்றல் சுமார் 130 மெகாஜூல்தான். ஒரு கிலோ உளுந்தில் 14.7 மெகாஜூல் இருப்பதாகக் கொண்டால், ஏக்கருக்குக் கூடுதலாக ஒன்பது கிலோ விளைந்தாலே அந்த உரத்தின் ஆற்றல் திரும்பிவிடும்.