கல்யாணப் பத்திரிகையும் பி.எஃப். படிவமும்

சித்திரை, வைகாசி, ஆவணி நெருங்கினால் ஓசூரில் எங்களைப் போல பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலை பார்ப்பவர்களின் அலுவலகங்களில் இளம்பெண்களின் கூட்டம் சேர்ந்துவிடும். கார்மென்ட்ஸ் லைனிலோ எலக்ட்ரானிக்ஸ் அசெம்பிளியிலோ நாலைந்து வருடம் வேலை பார்த்தவர்கள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, வேலையை விட்டாகிவிட்டது. கூடவே அப்பாவோ அண்ணனோ வந்திருப்பார். கேள்வியும் ஒன்றுதான்: "சார், செட்டில்மென்ட் முகூர்த்தத்துக்கு முன்னாடி கைக்கு வந்துருமா?"

சட்டமே இதை எதிர்பார்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. வேலையை விட்டவர் முழுப் பணத்தையும் எடுக்க இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது 1952-ஆம் ஆண்டின் பி.எஃப். திட்டத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் விதி. கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண்ணுக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு கிடையாது. பெண் வேலைக்கு வருவதே கல்யாணம் வரைக்கும்தான், அதன் பிறகு அவள் திரும்ப வரப்போவதில்லை என்ற நினைப்பு அந்த விதிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் இன்றைக்கு அவள் திரும்பி வருகிறாள். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மறுபடி கம்பெனி பஸ் ஏறுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். திரும்பி வரும்போது பழைய கணக்கில் எதுவும் மிச்சமில்லை என்பதுதான் சிக்கல்.

இதைச் சொன்னால், "படிக்காத பிள்ளைங்க, சேமிப்போட அருமை தெரியலை" என்று கம்பெனி ஹெச்.ஆர். ஆட்களே சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாதச் சம்பளம் வீட்டுக் கூரைக்கும் தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்கும் போய்விட்டது. அவள் பெயரில் மொத்தமாக நிற்கும் ஒரே தொகை இந்த பி.எஃப். மட்டும்தான். மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்ததே, நினைவிருக்கும். மூன்று வருடம் ஹாஸ்டலில் அடைத்து வேலை வாங்கி, கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி, பலருக்கு அதையும் முழுதாகக் கொடுக்காமல் விட்டார்கள். அந்த அநியாயத்தைப் பார்த்த குடும்பங்கள், அரசாங்கத்திடம் இருக்கும் பணத்தையும் சீக்கிரம் கைக்கு வாங்கிவிடத் துடிப்பதில் ஆச்சரியம் என்ன?

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. வியட்நாமின் ஹோ சி மின் நகரத்தில் போ யுவென் என்ற காலணித் தொழிற்சாலை இருக்கிறது, தைவான் முதலாளிகளுடையது. 2015 மார்ச் கடைசியில் அங்கே பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கேட்டது சம்பள உயர்வு அல்ல. வேலையை விட்டால் சமூகக் காப்பீட்டுப் பணத்தை மொத்தமாக எடுக்க முடியாதபடி புதுச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு தடுத்தது, அதுதான் கோபம். அங்கே ஓய்வூதியத்துக்கு 20 ஆண்டு கட்டியிருக்க வேண்டும். முப்பத்தைந்து வயதைத் தாண்டினால் லைனில் வைத்திருப்பார்களா என்றே தெரியாதவர்களிடம் இருபது ஆண்டுக் கணக்கைச் சொன்னால் எப்படி ஏற்பார்கள்? அரசு இறங்கி வந்தது. ஜூன் மாதமே நாடாளுமன்றம் பழைய வாய்ப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து, 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில், எங்கள் ஊரிலிருந்து போகும் அதே ஓசூர் ரோட்டில் பெங்களூரு கார்மென்ட்ஸ் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளி கட்டிய பங்கை 58 வயது வரை எடுக்கக் கூடாது என்று பிப்ரவரியில் வந்த அறிவிக்கை தான் காரணம். பெரிய சங்கம் எதுவும் கூப்பிடவில்லை. லைனிலிருந்து லைனுக்குச் சேதி பரவி, ஆயிரக்கணக்கில் இறங்கினார்கள். பஸ்கள் எரிந்தன, தடியடி நடந்தது, கண்ணீர்ப் புகையும் வீசினார்கள். 19-ஆம் தேதியே மத்திய அரசு அறிவிக்கையை ரத்து செய்தது.

தன் ஊர்ப் போராட்டத்திலிருந்து வியட்நாம் ஓரளவு பாடம் கற்றது என்பேன். 2025 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டத்தில் ஓய்வூதியத்துக்கான குறைந்தபட்ச ஆண்டுகளை 20-லிருந்து 15 ஆக்கினார்கள். புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டும் மொத்தமாக எடுப்பதைக் கடினமாக்கினார்கள். நம் பக்கம் 2025 அக்டோபரில் இ.பி.எஃப். மத்திய அறங்காவலர் வாரியம், முழுப் பணம் எடுக்கக் காத்திருக்கும் காலத்தை 2 மாதத்திலிருந்து 12 மாதமாகவும், பென்ஷன் பணத்துக்கு 36 மாதமாகவும் உயர்த்த முடிவெடுத்தது. கதவை இறுக்குவதற்கு முன்னால், உள்ளே இருப்பதால் அவளுக்கு என்ன லாபம் என்று யாராவது எடுத்துச் சொல்ல வேண்டாமா?

அந்தக் கணக்கைப் பார்ப்போம். பி.எஃப்.புக்கான சம்பளம் 15,000 ரூபாய் என்றால், உங்களிடமிருந்து மாதம் 1,800 பிடிக்கிறார்கள். கம்பெனியும் 1,800 கட்டுகிறது. அதில் 1,250 பென்ஷனுக்கும் 550 பி.எஃப்.புக்கும் போகிறது. ஐந்து வருடத்தில் பி.எஃப். பக்கம் மட்டும் வட்டியைச் சேர்க்காமலே 1,41,000. பென்ஷன் பக்கம் எடுத்தால் ஏறத்தாழ 75,000 கிடைக்கும். எடுத்துவிட்டால் அந்த ஐந்து வருட சர்வீஸ் அழிந்துவிடும். எடுக்காமல் விட்டு, பின்னால் இன்னொரு ஐந்து வருடம் வேலை பார்த்தால், மாதப் பென்ஷனுக்குத் தேவையான 10 வருடம் நிறைந்துவிடும். 58 வயதில் மாதம் சுமார் 2,140 ரூபாய் பென்ஷன்.

இது பெரிய தொகையா? இல்லை. விலைவாசிக்கு ஏற்ப ஏறுவதும் இல்லை. 75,000-ஐ அவள் பெயரிலேயே பாங்கில் போட்டு முப்பது வருடம் யாரும் தொடாமல் இருந்தால் அதுகூட மேல்தான். ஆனால் அப்படிப் போட்டவரை நான் பார்த்ததில்லை. மண்டபத்துக்கும் நகைக்கும் போய்விடும். அதோடு, 10 வருடம் முடித்தவர் 58-க்கு முன் இறந்தாலும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் குடும்ப பென்ஷன் உண்டு. திரும்ப வேலைக்குப் போகவே மாட்டேன் என்பவர் எடுத்துக்கொள்ளட்டும். இருபத்து மூன்று வயதில் அதை யார் உறுதியாகச் சொல்ல முடியும்?

வழி ஒன்று இருக்கிறது, பலருக்கும் தெரியாது. பி.எஃப். பணத்துக்குப் படிவம் 19. பென்ஷனுக்குப் படிவம் 10சி. பிரவுசிங் சென்டரில் இரண்டையும் சேர்த்தே போட்டுவிடுவார்கள், கமிஷனும் அதற்கேற்ப. கல்யாணச் செலவுக்குப் பணம் அவசியம் என்றால் 19 மட்டும் போடுங்கள். 10சி-யிலும் பணத்துக்குப் பதிலாக 'ஸ்கீம் சர்டிபிகேட்' கேட்கலாம். சர்வீஸ் உங்கள் பெயரில் பத்திரமாக நிற்கும். அப்புறம், "மூணு வருஷம் தொடாம விட்டா வட்டி நின்னுடும்" என்று பயமுறுத்துவார்கள். நம்பாதீர்கள். இளம் வயதில் வேலையை விட்டவரின் கணக்குக்கு 58 வயது வரை வட்டி சேரும். 2024-25-க்கு 8.25 சதவீதம் கொடுத்திருக்கிறார்கள்.

ஐந்து வருடத்துக்குள் எடுத்து, தொகை 50,000-ஐ எட்டினால் வரி பிடிப்பும் உண்டு.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகத் தெரிவது மொபைல் நம்பர். பத்துப் பேரின் யு.ஏ.என். (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்) கணக்கைத் திறந்தால், அதில் பலருடைய ஓ.டி.பி. அப்பாவுக்கோ, காண்ட்ராக்டருக்கோ, ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன ஹாஸ்டல் கால சிம்முக்கோ போகிறது. சம்பாதித்தது அவள், சாவி வேறு கையில். முதல் மாதச் சம்பளம் வந்ததும் உங்கள் பெயரில் ஒரு சிம் வாங்கி, அதை ஆதாரிலும் யு.ஏ.என்.னிலும் ஏற்றுங்கள். கல்யாணமான பிறகு நாமினேஷனைப் புதுப்பியுங்கள்.

இன்னொரு தொல்லை இனிஷியல். கல்யாணமானதும் ஆதாரில் அப்பாவின் இனிஷியலை எடுத்துவிட்டுக் கணவர் பெயரைப் போடுகிறார்கள். பி.எஃப். கணக்கில் பழைய பெயர். க்ளெய்ம் ரிஜெக்ட் ஆகிறது. பெயரை மாற்ற அவசரப்படாதீர்கள். மாற்றினால் இரண்டு இடத்திலும் சேர்த்து மாற்றுங்கள்.

திரும்ப வேலைக்குச் சேரும் நாளில் ஒரு கத்தைப் பேப்பரில் கையெழுத்து வாங்குவார்கள். அதில் படிவம் 11 இருக்கும். ஏற்கெனவே பி.எஃப்., பென்ஷன் திட்டங்களில் உறுப்பினரா என்ற கேள்வி அதில் உண்டு. வேலை சுருக்கமாக முடியட்டும் என்று 'இல்லை'யில் டிக் அடித்தே நீட்டுகிற ஆட்களும் உண்டு. அதை 'ஆம்' என்று திருத்தி, பழைய யு.ஏ.என். நம்பரை எழுதிக் கொடுங்கள். நம்பர் மறந்துபோயிருந்தால் பதிவு செய்த மொபைலையும் ஆதாரையும் வைத்து பி.எஃப். நிறுவனமான இ.பி.எஃப்.ஓ.வின் தளத்தில் காசு செலவில்லாமல் தேடி எடுக்கலாம்.