விரைவுப் பேருந்தில் பெல்ட்: 300 ரிங்கிட் சம்மன் யாருக்கு?

மலேசியாவில் விரைவுப் பேருந்திலோ சுற்றுலாப் பேருந்திலோ ஏறி உட்கார்ந்தால் இருக்கை பெல்ட்டைப் போட்டாக வேண்டும். 2025 ஜூலை 1 முதல் இதுதான் நடைமுறை. போடாதவருக்குச் சாலைப் போக்குவரத்துத் துறை, அதாவது நாம் ஜேபிஜே என்று சொல்லும் துறை, 300 ரிங்கிட் சம்மன் கொடுக்கும். ஓட்டுநர் போடாவிட்டால் அவருக்கும் அதே தொகை. "டிக்கெட் வாங்கி ஏறிய பயணிக்கு எதற்குச் சம்மன்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். காரின் பின்னிருக்கையில் 2009 முதல் இதே கட்டாயம் இருக்கிறது. அங்கே ஏற்றுக்கொண்டதை பஸ்ஸில் மறுக்க நியாயம் எதுவும் இல்லை.

2025 ஜூனில் கிரிக் அருகே கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் நடந்த விபத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 9ஆம் தேதி அதிகாலை, திரெங்கானுவிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பஸ் கவிழ்ந்து, உப்சி மாணவர்கள் 15 பேர் இறந்தார்கள். நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பலர் படித்து வந்த பல்கலைக்கழகம் அது. அந்தச் செய்தி வந்த நாளில் நம் வீடுகளிலும் தொலைபேசி ஓயவில்லை.

உத்தரவு விரைவுப் பேருந்து, சுற்றுலாப் பேருந்து என்ற இரண்டு வகைகளுக்கானது. நின்றுகொண்டு போகும் நகரப் பேருந்துகள் இதில் வராது. கோயில் சுற்றுலாவுக்கோ திருமணத்துக்கோ உறவினர்கள் சேர்ந்து முழு பஸ்ஸையும் வாடகைக்கு எடுத்தால், அது சுற்றுலாப் பேருந்துதான். "நம் ஆட்கள் மட்டும்தானே போகிறோம்" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

அடுத்தது பஸ்ஸின் வயது. பெரும்பாலோர் குழம்புவது இங்கேதான். 2020 ஜனவரி 1 முதல் தயாரான பஸ்களில் பெல்ட் இருந்தே ஆக வேண்டும். அதற்கு முந்தைய பஸ்களில் பல பெல்ட் இல்லாமலேயே ஓடுகின்றன. இல்லாத பெல்ட்டைப் போடவில்லை என்று பயணிக்குச் சம்மன் கொடுக்க முடியாது. பழைய பஸ்ஸாக இருந்தும் பெல்ட் பொருத்தப்பட்டிருந்தால் அதைப் போட்டுக்கொள்வதே முறை.

"பழைய பஸ்களிலும் பெல்ட்டை மாட்டிவிட வேண்டியதுதானே, பட்டறையில் அரை நாள் வேலை" என்று சிலர் சொல்கிறார்கள். விஷயம் அவ்வளவு எளிதல்ல. நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கான வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். அந்த வேகத்தில் போகும் உடல் சட்டென்று நிற்பது, பத்து மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். பெல்ட் போட்டவரின் அந்த விசை முழுவதையும் பட்டை வாங்கி இருக்கைக்குக் கொடுக்கிறது, இருக்கை அதைத் தரைக்குக் கொடுக்கிறது. பழைய பஸ்ஸில் இருக்கையின் கால்கள் மெல்லிய தகட்டில் நான்கு போல்ட்டோடு நிற்கும். புது பெல்ட்டை அதில் கட்டினால், மோதும்போது இருக்கையே பெயர்ந்து, கட்டுண்ட ஆளோடு சேர்ந்து முன்னால் பறக்கும். அதனால்தான் பெல்ட்டுக்கு ஒரு தரம், அது பிணைக்கப்படும் இடத்துக்கு ஒரு தரம், இருக்கையின் உறுதிக்கு ஒரு தரம் என ஐநா வாகன விதிகள் மூன்றையும் தனித்தனியே வகுத்திருக்கின்றன. இருக்கையையும் தரையையும் சோதிக்காமல் பட்டையை மட்டும் தைத்துவிட்டு "பெல்ட் வசதி உண்டு" என்று விளம்பரம் செய்வது வெறும் கண்துடைப்பு.

ஆஸ்திரேலியா இதைத் தொடக்கத்திலேயே ஒன்றாகச் செய்தது. 1989 டிசம்பரில் கெம்ப்சி அருகே இரண்டு பஸ்கள் நேருக்கு நேர் மோதி 35 பேர் இறந்தனர். 1994இல் அங்கே புதிய நெடுந்தூர பஸ்களுக்குத் தோளையும் இடுப்பையும் பிடிக்கும் மூன்று முனை பெல்ட்டும், அதைத் தாங்கும் இருக்கையும் கட்டாயமாயின. நமக்கு 2013இல் கெந்திங் மலைச்சாலையில் 37 உயிர்கள் போன பிறகும் பன்னிரண்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. இதைக் கோபமில்லாமல் எழுத முடியவில்லை.

எதிர்ப்புகளில் அடிக்கடி காதில் விழுவது தீ பற்றியது: பஸ் எரிந்தால் பெல்ட்டோடு எப்படித் தப்புவது? ஒரு பொத்தானை அமுக்கினால் பெல்ட் கழன்றுவிடும், ஆனால் அமுக்கச் சுயநினைவு இருக்க வேண்டும். கூரையில் தலை மோதி மயங்கிக் கிடப்பவருக்குக் கதவு திறந்திருந்தும் பயனில்லை. கவிழும் பஸ்ஸில் கண்ணாடி வழியே வெளியே தூக்கியெறியப்பட்டு, அதே பஸ்ஸின் அடியில் சிக்குவதுதான் பெரிய ஆபத்து. பெல்ட் தடுப்பது முதலில் அதைத்தான்.

இரவு பஸ்ஸில் தூக்கம் கெடும் என்பது உண்மையான தொல்லைதான். ஆனால் இருக்கையை முழுவதும் சாய்த்து, பட்டையைத் தளர்த்தி வயிற்றின் மேல் ஏறவிட்டால், மோதும்போது அது குடலை அழுத்தும். இடுப்பு எலும்பின் மேல் தாழ்வாக, இறுக்கமாக இருக்க வேண்டும். கர்ப்பிணிகள் வயிற்றுக்குக் கீழே போட வேண்டும். குழந்தையை மடியில் வைத்து இருவருக்கும் சேர்த்து ஒரே பட்டையைப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். தாயின் எடை முழுவதும் அந்தக் குழந்தையின் மேல்தான் விழும். டிக்கெட் செலவு கூடினாலும் குழந்தைக்குத் தனி இருக்கை வாங்குங்கள்.

விதியில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. பயணி டிக்கெட் வாங்குவது நேரத்தையும் நிறுவனத்தையும் பார்த்து. வருவது எந்த ஆண்டு பஸ், அதில் பெல்ட் உண்டா என்பது நிலையத்தில் பஸ் வந்து நிற்கும்வரை தெரியாது. 300 ரிங்கிட் பொறுப்பைப் பயணியின் மேல் வைத்தவர்கள், பஸ் தயாரான ஆண்டையும் டிக்கெட்டில் அச்சிடச் சொல்லியிருக்கலாம். ஒரு வரி கூடுதலாக அச்சிடுவதில் யாருக்கும் நட்டமில்லை.

அதுவரை, உட்கார்ந்ததும் கையை இருக்கையின் இடுக்கில் விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பெல்ட்டின் பூட்டு மெத்தைக்கு அடியில் போயிருக்கும், பிஸ்கட் தூளும் டிக்கெட் துண்டும் அடைத்துக்கொண்டு. பட்டையின் முனையிலுள்ள உலோக நாக்கை அந்தப் பூட்டில் செருகி இழுத்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் பஸ் கிளம்பும் முன்பே ஓட்டுநரிடம் சொல்லி வேறு இருக்கை கேளுங்கள். புதிய பஸ்ஸில் வேலை செய்யும் பெல்ட் இருக்கச் செய்வது பஸ்ஸை இயக்கும் நிறுவனத்தின் கடமை, அவர்கள் செய்யும் உபகாரம் அல்ல. மறுத்தால் பஸ்ஸின் பதிவு எண், இருக்கை எண், புறப்பட்ட நேரம் மூன்றையும் குறித்து, பூட்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு ஜேபிஜேயிடம் புகார் செய்யுங்கள். சோதனையில் அதிகாரி ஏறினாலும் அந்தப் படத்தையே காட்டலாம்.