ஜெர்மனியில் செஸ் லீக் ஆடப்போகிறீர்களா? பலகை வரிசையைக் கவனியுங்கள்

வேலைக்கோ மேற்படிப்புக்கோ ஜெர்மனி வந்து சேரும் நம்மவர்களில் செஸ் ஆடுபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, நல்ல அகாடமி எங்கே இருக்கிறது, பரிசுத்தொகை உள்ள போட்டி எப்போது நடக்கும் என்பதுதான். பல பருவங்களாக ஒரு கிளப் அணிக்குத் தலைவராக இருப்பவன் என்ற முறையில், முதலில் பக்கத்திலுள்ள கிளப்பில் உறுப்பினராகுங்கள் என்றே சொல்வேன். இங்கே செஸ்ஸைத் தாங்கி நிற்பது தனிநபர் போட்டிகளைவிட அணிகளின் லீக்தான்.

கிளப் என்பது இங்கே பயிற்சி நிறுவனம் அல்ல. 'ஃபெராய்ன்' எனப்படும் பதிவு பெற்ற சங்கம். ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். பொருளாளர் முதல் சிறுவர்களுக்குக் கற்றுத்தருபவர் வரை பெரும்பாலும் ஊதியமின்றி உழைக்கும் உறுப்பினர்களே. ஆட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்குவதும் நாம்தான். கிளப்புகளுக்கு மேலே மாநிலச் சங்கங்களும், அவற்றுக்கு மேலே 1877இல் லைப்சிக்கில் தொடங்கப்பட்ட ஜெர்மன் செஸ் கூட்டமைப்பும் உள்ளன. மாநிலங்கள் 16, சங்கங்களோ 17: பாடனும் வூர்ட்டம்பெர்க்கும் ஒரே மாநிலமாகி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் செஸ்ஸில் மட்டும் இன்னும் தனிக்குடித்தனம்.

லீக்கின் உச்சியில் இருக்கும் புண்டஸ்லிகா, 1980-81 பருவத்திலிருந்து ஒரே பிரிவாக நடக்கிறது. 2006 முதல் 2015 வரை பாடன்-பாடன் அணி தொடர்ந்து பத்து முறை பட்டம் வென்றது. 2020இல் விஸ்வநாதன் ஆனந்த் ஊர் திரும்ப முடியாமல் ஜெர்மனியில் மாதக்கணக்கில் தங்க நேர்ந்ததும் இந்த லீக்கில் ஆட வந்த இடத்தில்தான். அதற்குக் கீழே நான்கு பிரிவுகளாக இரண்டாம் புண்டஸ்லிகா, பிறகு ஓபர்லிகா என்று இறங்கி, மாவட்ட அளவு வரை லீக் செல்கிறது. பருவ முடிவில் அணிகள் மேலேறும், கீழிறங்கும்.

பெரும்பாலான லீக்குகளில் எட்டுப் பலகைகள், அதாவது அணிக்கு எட்டுப் பேர். ஒரு பலகையில் வென்றால் ஒரு புள்ளி, டிரா என்றால் அரை. நாலரைப் புள்ளி எடுத்த அணிக்கு வெற்றி. அது எட்டுக்கு எட்டு எடுத்திருந்தாலும் அட்டவணையில் கிடைப்பது அதே இரண்டு புள்ளிதான். 4-4 என்றால் ஆளுக்கு ஒன்று.

புதியவர்கள் தடுக்கி விழுவது பலகை வரிசையில்தான். பருவம் தொடங்கும் முன்பே ஒவ்வொரு கிளப்பும் தன் ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்திப் பட்டியல் கொடுத்துவிட வேண்டும். பருவம் முழுதும் அந்த வரிசையில்தான் அமர வேண்டும். ஒருவர் வரவில்லையென்றால் அவருக்குக் கீழே இருப்பவர்கள் ஒவ்வொரு பலகையாக மேலே நகர, மாற்று ஆட்டக்காரர் கடைசியில் உட்காருவார். ஒருவர் ஒரு கிளப்புக்கு மட்டுமே லீக்கில் ஆடலாம் என்பதால், கிளப் மாற நினைப்பவர்கள் கோடையிலேயே முடிவெடுப்பது நல்லது.

இதில் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, தாமதமான ரயிலில் வந்து இறங்கிய அவசரத்தில், ஆறாம், ஏழாம் பலகைப் பெயர்களைத் தாளில் மாற்றி எழுதிவிட்டேன். ஐந்து மணி நேரம் போராடி 4½-3½ என்று வென்றோம். எதிரணித் தலைவர் தாளைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மிகுந்த பணிவோடு சுட்டிக்காட்டினார். தனக்குரிய இடத்துக்குக் கீழே, ஏழாம் பலகையில் அமர்ந்து வென்றவரின் ஆட்டம் அந்த லீக்கின் விதிப்படி தோல்வியானது. முடிவு 3½-4½ என்று புரண்டது. வென்றவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

கீழ் லீக்குகளில் தனி நடுவர் இருப்பது அரிது. அணித்தலைவர்களே விதிகளைப் பார்த்துக்கொள்வார்கள். அதனால் தலைவரிடம் எதைப் பேசலாம் என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சென்ற பருவத்தில் நம் ஊர் மாணவர் ஒருவர் எழுந்து வந்து, "அண்ணா, என் குதிரை..." என்று தொடங்கியதும் கையமர்த்திவிட்டேன். நிலையைப் பற்றி ஒரு சொல்கூடக் கூடாது. டிரா கேட்கலாமா, ஏற்கலாமா என்பதை மட்டுமே கேட்கலாம். அவர் பலகையை நான் பார்க்கவே இல்லை. அணிக்கணக்கில் 4-3 என்று முன்னிலையில் இருந்தோம். "கேளுங்க தம்பி" என்றேன்.