கிராண்ட்: மானியமா, நல்கையா?

அடுக்குமாடி புளோக்கின் கீழே வண்ணத்துப்பூச்சித் தோட்டம் போட ஒரு தொண்டூழியர் குழு முன்வருகிறது. ‘கிராண்ட் இருக்கிறது, விண்ணப்பியுங்கள்’ என்கிறார் ஒருவர். அறிவிப்பைத் தமிழில் எழுத உட்காரும்போது கிராண்ட் உடனே ‘மானியம்’ ஆகிவிடுகிறது. சிங்கப்பூரில் இது ஊறிப்போன வழக்கு. வீடு வாங்கக் கொடுப்பதும் மானியம், பலதுறை மருந்தகக் கட்டணத்தில் குறைப்பதும் மானியம், பூங்காவுக்கும் நடைத்தடத்துக்கும் காட்டுயிருக்கும் திட்டம் எழுதிக் கேட்டு வாங்குவதும் மானியம். கடைசியாகச் சொன்னதற்கு நல்கை என்பதே சரியான சொல்.

மானியத்துக்கு வேர் ‘மான்ய’ என்ற வடசொல். மதிக்கத்தக்கது என்று பொருள். கோயிலுக்கும் ஊர்ப்பணி செய்தவருக்கும் மதிப்புச் செய்து விட்ட நிலம் மானியம் எனப்பட்டது. அந்த நிலத்துக்கு வரி இராது, அல்லது குறைவாக இருக்கும். கல்வெட்டுத் தமிழில் இதற்கு நெருக்கமான சொல் இறையிலி; இறை என்றால் வரி. அதாவது, வாங்க வேண்டியதை வாங்காமல் விடுவதுதான் மானியத்தின் அடிப்பொருள். மருந்தகக் கட்டணம் குறைவதும் கிட்டத்தட்ட இதேதான். அங்கே மானியம் என்று சொல்வதில் ஒரு குறையும் இல்லை.

நல்குதல் வேறு வினை. கையிலிருப்பதை எடுத்துக் கொடுப்பது. ‘தடிந்தெழிலி தான்நல்கா தாகி விடின்’ என்று 17ஆம் குறளில் இச்சொல் வருகிறது. முகந்த நீரை மேகம் திரும்பக் கொடுக்காவிட்டால் நெடுங்கடலும் தன் தன்மை குன்றும் என்கிறது குறள். வரியாக எடுத்தது ஊருக்கே திரும்புவதைச் சொல்ல இந்த வினை அப்படியே பொருந்துகிறது. நல்குதலுக்கு அன்பு செய்தல் என்ற பொருளும் உண்டு. அதனால் அரசு ஏதோ அருள் பாலிப்பதுபோல் ஒலிக்குமே என்று தயங்குவார்கள். ஆனால் ‘கிராண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேரும் பிரெஞ்சு வழியாகப் போய் இலத்தீனில் ‘நம்பு’ என்ற வினையில்தான் முடிகிறது. நம்பி ஒப்படைத்த பணம் என்பதால்தான் அதற்குக் கணக்குக் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழுவை நல்கைக் குழு என்று எழுதுவோர் ஏற்கெனவே இருக்கிறார்கள், சொல் புதிதன்று.

சொல்லை மாற்றினால் போதுமா? போதாது. அறிவிப்பில் உண்மையான சேதம் நடக்கும் இடம் வேறு. ‘திட்டச் செலவில் 80 விழுக்காடு மானியமாக வழங்கப்படும்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இதில் மூன்று பிழைகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, 80 என்பது மேல்வரம்பு; ‘80 விழுக்காடு வரை’ என்று எழுத வேண்டும். இரண்டாவது, விழுக்காடு மொத்தச் செலவுக்குக் கணக்கிடப்படுவதில்லை, ஏற்கத்தக்க செலவுக்கு மட்டுமே. தோட்டத்துக்கு 10,000 வெள்ளி ஆகிறது, அதில் 1,500 வெள்ளி திறப்புவிழா விருந்துக்கு என்று வைத்துக்கொள்வோம். விருந்தை ஏற்காவிட்டால் மிஞ்சுவது 8,500. அதில் 80 விழுக்காடு 6,800. குழு தன் கையிலிருந்து போட வேண்டியது 2,000 வெள்ளி இல்லை, 3,200 வெள்ளி. மூன்றாவது பிழைதான் கொடியது. ‘வழங்கப்படும்’ என்றதும் பணம் முன்னால் வரும் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். நல்கைகள் பலவற்றில் நாம் செலவு செய்து, பற்றுச்சீட்டும் அறிக்கையும் கொடுத்த பிறகே பணம் வரும். அதற்கு ‘செலவை ஈடுசெய்தல்’ என்று தனியாக எழுதுங்கள். ஒப்புதல் கடிதத்தின் தேதிக்கு முந்திய பற்றுச்சீட்டு பொதுவாகச் செல்லாது என்பதையும் அடுத்த வரியிலேயே சொல்லிவிடுங்கள். ஆர்வத்தில் மண்ணும் செடியும் முன்கூட்டியே வாங்கிவிடுவது எங்கும் நடப்பது.

நிலம் யாருடையது என்ற கேள்வியும் இதோடு வரும். புளோக்கின் கீழ்ப் புல்தரை என்றால் முதலில் நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். எருக்கும் கறிவேப்பிலையும் நட்டு, புழுக்கள் இலையைத் தின்னத் தொடங்கும் நேரத்தில் பூச்சிமருந்து அடித்துவிட்டால் தோட்டமே வீண். வண்ணத்துப்பூச்சிக்கு அந்தப் புழுதான் முதல். ஆகவே பராமரிப்பு யார் பொறுப்பு என்பதை விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும்.

நிதி என்ற சொல்லிலும் கவனம் தேவை. 2020இல் நீடித்த நிலைத்தன்மை, சுற்றுப்புற அமைச்சு 50 மில்லியன் வெள்ளியில் தொடங்கிய எஸ்ஜி ஈக்கோ நிதி, சமூகத் திட்டங்களுக்கு நல்கை கொடுப்பது. அதன் ஸ்பிரவுட் பிரிவு 10,000 வெள்ளி வரையிலான சிறு திட்டங்களுக்கானது. தேசியப் பூங்காக் கழகத்தோடு இணைந்த அறநிறுவனமான கார்டன் சிட்டி நிதி 2002இல் அமைந்தது. அங்கே பணம் எதிர்த்திசையிலும் ஓடுகிறது: மரம் நடப் பொதுமக்கள் கொடுப்பது நன்கொடை, தகுதியுள்ள நன்கொடைக்கு வரிக்கழிவு உண்டு. நன்கொடையையும் நல்கையையும் ஒரே வாக்கியத்தில் கலந்தால் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்றே தெரியாமல் போகும்.

புக்கிட் தீமா விரைவுச்சாலைக்கு மேலே, விலங்குகள் கடக்க 2013இல் திறந்த 62 மீட்டர் நீளப் பாலத்தையும் ‘அரசு மானியத்தில் கட்டியது’ என்று எழுத வேண்டாம். அது அரசு தானே கட்டியது, நேரடிப் பொதுச் செலவு. 1986இல் அந்தச் சாலை இரண்டாகப் பிளந்த காட்டை மீண்டும் இணைக்கும் வேலை அது; யாரும் விண்ணப்பித்து வாங்கியதில்லை.

திட்டத்தின் அதிகாரபூர்வத் தமிழ்ப் பெயரிலேயே மானியம் இருந்தால் பெயரை மாற்றாதீர்கள். படிப்பவர் இணையத்தில் தேடும்போது அகப்படாது. பெயரை அப்படியே விட்டு, விளக்கும் வரிகளில் நல்கை, நல்கை பெறுநர், நல்கை ஒப்பந்தம் என்று எழுதலாம். திரட்டிய ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒரு வெள்ளி சேர்த்துக் கொடுப்பதற்கு ‘ஈட்டு நல்கை’ என்று ஆளலாம். முதன்முறை மட்டும் ‘வெள்ளிக்கு வெள்ளி’ என்று பக்கத்தில் சேர்த்தால் பாட்டிக்கும் புரியும்.